லொகேஷன் அனலிட்டிக்ஸும் மேப் டேட்டாவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லொகேஷன் அனலிட்டிக்ஸ்னா என்னங்க? மேப்ல புள்ளி வைக்கிறது தானே?

புள்ளி வைக்கிறது ஆரம்பம் தான், அதோட நிறுத்திக்கிறவங்க தான் அதிகம்ங்கிறது வேற விஷயம். உங்ககிட்ட இருக்குற டேபிள்ல ஒவ்வொரு வரிக்கும் "இது எங்க நடந்துச்சு"ன்னு ஒரு தகவல் இருந்தா, அந்த 'எங்க'வ வெச்சு கணக்கு போடுறது தான் லொகேஷன் அனலிட்டிக்ஸ். பக்கத்துல என்ன இருக்கு, எவ்வளவு தூரம், எந்த எல்லைக்குள்ள விழுது, கூட்டமா கெடக்கா இல்ல சிதறி கெடக்கா, போன மாசம் இங்க இருந்தது இப்ப எங்க நகர்ந்துச்சு, இதெல்லாம் தான் கேள்வி.

எல்லாரும் சொல்ற உதாரணம் 1854 லண்டன் காலரா. டாக்டர் ஜான் ஸ்னோ மேப் போட்டாரு, பிராட் ஸ்ட்ரீட் பம்ப்ப சுத்தி சாவு குவிஞ்சிருந்துச்சு, பம்ப் கைப்பிடிய கழட்டினாங்க, காலரா நின்னுச்சுன்னு ஒரு வரியில முடிச்சுடுவாங்க. அது அவ்வளவு நேரா நடக்கல. தண்ணி வழியா தான் காலரா பரவுதுன்னு ஸ்னோ 1849லயே எழுதிட்டாரு, கைப்பிடிய கழட்டுன செப்டம்பர் 8க்கு முன்னாடியே நோய் இறங்க ஆரம்பிச்சிடுச்சு, அச்சுல வந்த மேப்பும் அதுக்கு அப்புறம் தான். எனக்கு அதுல ரொம்ப பிடிச்சது வேற: பொருந்தாத புள்ளிகள அவரு விட்டு வைக்கல. பம்ப்புக்கு பக்கத்துலயே 535 பேர் இருந்த ஒரு ஏழைகள் விடுதியில 5 பேர் தான் செத்தாங்க, ஏன்னு பாத்தா அவங்களுக்கு தனி கிணறு. அதே தெருவுல இருந்த பீர் ஆலை ஆளுங்களுக்கு ஒண்ணும் ஆகல, அவங்க பம்ப் தண்ணி பக்கமே போகல. அந்தப் பக்கம் பாத்தா ரொம்ப தூரத்துல ஹாம்ஸ்டெட்ல ஒரு அம்மா காலராவுல செத்துருக்காங்க, விசாரிச்சா அவங்களுக்கு இந்த பம்ப் தண்ணி தான் பிடிக்கும்னு தினமும் வண்டியில கொண்டு போயிருக்காங்க. குவியல காட்டுறது மேப்போட வேலை, குவியலுக்கு வெளிய நிக்குற புள்ளிய போய் விசாரிக்கிறது தான் அனலிட்டிக்ஸ். இன்னைக்கு டாஷ்போர்டுல வேலை பாக்குறவங்க பாதி பேர் இந்த ரெண்டாவது பாதிய பண்றதில்ல.

ஜிஐஎஸ், ஜியோஸ்பேஷியல், ஸ்பேஷியல் டேட்டா சயின்ஸ், இதெல்லாம் வேற வேறயா?

வேலை விளம்பரத்துல வேற வேற, மேஜையில பெரும்பாலும் ஒண்ணு தான். ஜிஐஎஸ்ங்கிறது (ஜியோகிராஃபிக் இன்ஃபர்மேஷன் சிஸ்டம்) பழைய பேரு, 1960கள்ல கனடாவுல நில வளத்த கணக்கெடுக்க ராஜர் டாம்லின்சன் உருவாக்குன சிஸ்டத்துல இருந்து வந்தது. அப்புறம் புரோகிராமிங், புள்ளியியல் பக்கம் இருந்து வந்தவங்க ஸ்பேஷியல் டேட்டா சயின்ஸ்னாங்க, பிசினஸ் பக்கம் இருந்து வந்தவங்க லொகேஷன் இன்டலிஜென்ஸ்னாங்க. பேருக்காக சண்டை போட வேண்டாம்.

என்னென்ன வகை டேட்டா இருக்கு?

ரெண்டு பெரிய வகை. ஒண்ணு வெக்டர்: புள்ளி, கோடு, பாலிகான். கடை ஒரு புள்ளி, ரோடு ஒரு கோடு, மாவட்ட எல்லை ஒரு பாலிகான். இன்னொண்ணு ராஸ்டர்: கட்டம் கட்டமா பிரிச்சு ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு எண், சேட்டிலைட் படம், உயரம், வெப்பநிலை எல்லாம் இப்படித்தான் வரும். அமெரிக்காவோட லேண்ட்சாட் சேட்டிலைட் படத்துல ஒரு பிக்சல் 30 மீட்டருக்கு 30 மீட்டர், அதாவது 900 சதுர மீட்டர் நிலத்துக்கு ஒரே ஒரு எண். ஐரோப்பாவோட சென்டினல்-2 சேட்டிலைட்ல நல்ல பேண்டுகள் (தனித்தனி நிற அலைவரிசைகள்) 10 மீட்டர். ரெண்டுமே இலவசம், லேண்ட்சாட் 1972ல இருந்து ஓடுது, அதோட மொத்த ஆர்கைவும் 2008ல இலவசமா திறந்து விட்டதுக்கு அப்புறம் தான் இந்த துறையில ஆராய்ச்சி தலைகீழா மாறுச்சு, அதுக்கு முன்னாடி ஒவ்வொரு படத்துக்கும் காசு கட்டணும், அதனால பல வருஷ தொடர் படங்கள வெச்சு வேலை பாக்க யாருக்கும் கட்டுப்படியாகல.

இது ரெண்டும் போக நகர்ற டேட்டா ஒண்ணு இருக்கு, போன், வண்டி, கப்பல் எல்லாம் நேரத்தோட சேத்து அனுப்புற புள்ளி வரிசை. கையாள ரொம்ப கஷ்டமானது இது தான், பிரைவசி தலைவலியும் இதுல தான், அதுக்கு கீழ தனியா வர்றேன்.

ஜிபிஎஸ் சொல்ற இடத்த எவ்வளவு நம்பலாம்?

திறந்த வானத்துக்கு கீழ நல்ல போன்னா சுமார் 5 மீட்டருக்குள்ள. 2000 மே மாசம் வரைக்கும் அமெரிக்க ராணுவம் பொதுமக்களுக்கான சிக்னல்ல வேணும்னே பிழைய கலந்து விட்டுட்டு இருந்தாங்க, அப்ப 100 மீட்டர் வரைக்கும் தள்ளிப் போகும், அத நிறுத்துனதுக்கு அப்புறம் தான் கார் நேவிகேஷன் எல்லாம் உருப்படியா வந்துச்சு. (சும்மா ஒரு தகவல்: சேட்டிலைட் கடிகாரம் ரிலேட்டிவிட்டியால தரைய விட ஒரு நாளைக்கு 38 மைக்ரோசெகண்ட் வேகமா ஓடும், அத திருத்தலன்னா ஒரே நாள்ல 10 கிமீக்கு மேல தப்பு சேந்துடும்.)

உயரமான கட்டடங்களுக்கு நடுவுல சிக்னல் சுவத்துல பட்டு சுத்தி வரும், அதனால நீங்க நடக்குறது பக்கத்து தெருவுல காட்டும். கட்டடத்துக்குள்ள போயிட்டா போன் பெரும்பாலும் வைஃபை, டவர வெச்சு தான் இடத்த ஊகிக்குது, அப்ப பிழை ஒரு கிலோமீட்டர் கூட போகலாம். போன் ஒவ்வொரு புள்ளியோடவும் 'அக்யூரசி'ன்னு ஒரு எண்ணையும் சேத்து தான் குடுக்கும், தயவு செஞ்சு அத டேபிள்ல இருந்து தூக்கிடாதீங்க, நிறைய பேர் "தேவையில்லாத காலம் (column)"னு முதல்ல அழிக்கிறதே அது தான். அதே மாதிரி தசம இலக்கத்த பாத்து ஏமாற வேண்டாம். டிகிரியில 5வது தசம இடம்னா சுமாரா 1 மீட்டர், 15 இடம் இருந்தா கிட்டத்தட்ட ஒரு அணு சைஸ், ஆனா அத அனுப்புன போனோ 20 மீட்டர் தள்ளி நிக்கும்.

என் புள்ளி எல்லாம் கடல்ல விழுது, ஏன்?

ரெண்டு காரணம் தான் பெரும்பாலும். ஒண்ணு, காலியா இருந்த இடத்துல சாஃப்ட்வேர் 0 போட்டுருக்கும், 0,0ங்கிறது ஆப்பிரிக்காவுக்கு மேற்க அட்லாண்டிக் கடல்ல விழும். இந்த துறை ஆளுங்க அத நல் ஐலண்ட்னு கிண்டலா கூப்பிடுவாங்க, இல்லாத தீவு.

ரெண்டாவது, லாட்டிட்யூடும் (அட்சரேகை) லாங்கிட்யூடும் (தீர்க்கரேகை) இடம் மாறியிருக்கும். பேச்சுல நாம லாட்டிட்யூட முதல்ல சொல்றோம், ஆனா மேப் டேட்டாவ எழுதி வைக்கிற ஜியோஜேசான் ஃபார்மேட்ல லாங்கிட்யூட் தான் முதல்ல, 2016ல வந்த அதோட அதிகாரப்பூர்வ விதிமுறையான ஆர்எஃப்சி 7946ம் அதத்தான் சொல்லுது. சில லைப்ரரி இப்படி, சில லைப்ரரி அப்படி. லாட்டிட்யூட் 90ஐ தாண்டவே முடியாது, அதனால அதுல 120ன்னு வந்தா உடனே தெரிஞ்சிடும். ஆனா ரெண்டு எண்ணுமே 90க்குள்ள இருந்தா எந்த எரரும் வராது, சாஃப்ட்வேர் சந்தோஷமா உங்கள வேற நாட்டுக்கு கூட்டிட்டு போயிடும். டேட்டா கைக்கு வந்ததும் முதல்ல நாலு மூலை எண்ணயும் பாத்துடுங்க, மினிமம் மேக்ஸிமம், ஒரு நிமிஷ வேலை.

அட்ரஸ கோஆர்டினேட்டா மாத்துறேன், அது சரியா வருமா?

வரும், ஆனா எந்த அளவுக்கு சரின்னு தான் கேக்கணும். ஜியோகோடர் (அட்ரஸ லாட்டிட்யூட் லாங்கிட்யூடா மாத்துற டூல்) ஒரு அட்ரஸுக்கு பதில் குடுக்கும்போது சில நேரம் அந்த கட்டடத்தோட கூரைய குடுக்கும், சில நேரம் தெருவுல 100ல இருந்து 200 வரைக்கும் கதவு எண் இருக்குன்னு தெரிஞ்சா 150ஐ தெருவோட நடுவுல வைக்கும், அதுவும் முடியலன்னா தபால் கோட் பகுதியோட மையம், அதுவும் இல்லன்னா ஊர் மையம், கடைசில நாட்டோட மையம். எல்லாமே பாக்க ஒரே மாதிரி ரெண்டு எண் தான், வித்தியாசம் 'மேட்ச் லெவல்'ங்கிற இன்னொரு கட்டத்துல மட்டும் இருக்கும்.

இதுல என்ன நடக்கும்ங்கிறதுக்கு அமெரிக்காவுல ஒரு நிஜ சம்பவம். ஐபி முகவரிய (இன்டர்நெட் கனெக்ஷனோட எண்) இடமா மாத்தி விக்கிற ஒரு கம்பெனி, "இது அமெரிக்காவுல எங்கயோ இருக்கு, எங்கன்னு தெரியல"ங்கிற எல்லா ஐபிக்கும் நாட்டோட நடுவுல ஒரு உருண்டையான எண்ணா 38, -97ன்னு வெச்சிட்டாங்க. அது கன்சாஸ் மாநிலத்துல ஒரு பண்ணை வீட்டோட முற்றம். 60 கோடிக்கும் மேல ஐபி முகவரிகள் அந்த ஒரு வீட்டுல குவிஞ்சு கெடந்துச்சு. மோசடிக்காரன தேடி, திருட்டு போன லேப்டாப்ப தேடி, காணாம போனவங்கள தேடி போலீஸும் பொதுமக்களும் வருஷக்கணக்கா அந்த வீட்டு வாசல்ல வந்து நின்னாங்க, அங்க இருந்தவங்களுக்கு ஏன்னே தெரியல. 2016ல பத்திரிகையில வெளிய வந்ததுக்கு அப்புறம் அந்த புள்ளிய தண்ணிக்கு நடுவுல தள்ளி வெச்சாங்க. கவனிங்க, டேட்டாவுல எந்த எண்ணும் பொய் இல்ல, "தெரியல"ங்கிறத ஒரு புள்ளியா எழுதுனது தான் பிரச்சனை.

இத பிடிக்க சுலபமான வழி, ஒரே கோஆர்டினேட் எத்தன தடவை திரும்ப வருதுன்னு எண்ணி பெருசுல இருந்து சின்னதுக்கு அடுக்குங்க. மேல வர்ற பத்து புள்ளிய மேப்ல திறந்து பாத்தாலே தெரிஞ்சிடும், நிஜமான பெரிய அபார்ட்மென்டா இல்ல ஏதோ ஒரு மையமான்னு.

புரொஜெக்ஷன்னா என்ன, அத நான் கண்டுக்காம விட்டா என்ன ஆகும்?

உருண்டையான பூமிய தட்டையான மேப்பா விரிக்கிற கணக்கு தான் புரொஜெக்ஷன். கண்டுக்காம விட்டா தூரமும் பரப்பளவும் தப்பா வரும், அதுவும் சத்தமில்லாம. லாட்டிட்யூட் லாங்கிட்யூட் டிகிரியில இருக்கு, டிகிரி மீட்டர் இல்ல. ஒரு டிகிரி லாட்டிட்யூட் எங்க போனாலும் சுமார் 111 கிமீ, ஆனா ஒரு டிகிரி லாங்கிட்யூட் பூமத்திய ரேகையில 111 கிமீ, 60 டிகிரி வடக்க போனா அதுல பாதி, துருவத்துல பூஜ்யம். டிகிரியில இருக்குற லேயருக்கு 1000ன்னு பஃபர் (சுத்தி இவ்வளவு தூரத்துக்கு ஒரு எல்லை) போட்டா சாஃப்ட்வேர் 1000 மீட்டர்னு எடுத்துக்காது, 1000 டிகிரின்னு எடுத்துக்கும்.

வெப் மேப்புகள்ல பாக்குற வெப் மெர்கேட்டர் புரொஜெக்ஷன் (இபிஎஸ்ஜி 3857, இபிஎஸ்ஜிங்கிறது ஒவ்வொரு கோஆர்டினேட் சிஸ்டத்துக்கும் இருக்குற அடையாள எண்) மீட்டர்ல தான் இருக்கு, ஆனா அந்த மீட்டர் நிஜ மீட்டர் இல்ல. 60 டிகிரியில நீளம் ரெண்டு மடங்கு, பரப்பளவு நாலு மடங்கா காட்டும். கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் கிட்டத்தட்ட ஒரே சைஸ் மாதிரி தெரியுறது இதனால தான், நிஜத்துல ஆப்பிரிக்கா 14 மடங்கு பெருசு. பின்னணி படத்துக்கு அது போதும், கணக்குக்கு வேண்டாம். சின்ன பகுதின்னா அந்த இடத்துக்கான யூடிஎம் மண்டலத்த எடுங்க (உலகத்த 6 டிகிரி அகலத்துல 60 மண்டலமா பிரிச்சிருக்காங்க), பெரிய பகுதியில பரப்பளவு கணக்குன்னா ஈக்வல் ஏரியா புரொஜெக்ஷன், வெறும் தூரம் மட்டும்னா நேரா உருண்டை மேலயே கணக்கு போடுற ஃபங்ஷன் எல்லா டூல்லயும் இருக்கு.

ஹீட்மேப் போட்டேன், மேனேஜருக்கு ரொம்ப பிடிச்சிருக்கு. சரியா போட்டிருக்கேனா?

மேனேஜருக்கு பிடிச்சதால தான் எனக்கு சந்தேகமே வருது. பத்துல எட்டு ஹீட்மேப் "மக்கள் எங்க அதிகம் இருக்காங்க"ங்கிற மேப் தான். புகார் மேப்பு, விபத்து மேப்பு, கஸ்டமர் மேப்பு, எல்லாத்துலயும் நகர மையம் சிவப்பா எரியும், ஏன்னா அங்க தான் ஆளுங்க இருக்காங்க.

எதால வகுக்கணும்னு முதல்ல முடிவு பண்ணுங்க. ஒரு சந்திப்புல 40 விபத்து, இன்னொண்ணுல 10ன்னு வெச்சுக்குவோம். முதல்ல கடந்து போன வண்டி 80,000, ரெண்டாவதுல 5,000. அப்ப ஆயிரம் வண்டிக்கு முதல்ல 0.5 விபத்து, ரெண்டாவதுல 2. ஹீட்மேப்ல மங்கலா இருந்த இடம் நாலு மடங்கு ஆபத்தான இடம். அதுக்காக முதல் சந்திப்ப விட்டுடலாம்னு இல்ல, அங்க 40 விபத்து நடந்திருக்கு. ஆம்புலன்ஸ் எங்க நிறுத்தறதுன்னா எண்ணிக்கை, ரோட்டு டிசைன் எங்க சரியில்லன்னா விகிதம், கேள்விய பொறுத்து மேப் மாறும்.

சரி வகுத்தாச்சு, இப்ப அடுத்த குழி. விகிதம் போட்டதும் சின்ன மக்கள்தொகை இருக்குற இடமெல்லாம் உச்சத்துக்கும் போகும், அடிமட்டத்துக்கும் போகும். அமெரிக்காவுல கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி) வாரியா கிட்னி கேன்சர் மேப் போட்டா விகிதம் ரொம்ப கம்மியா இருக்குறதும் கிராமப்புற சின்ன கவுண்டிகள், ரொம்ப அதிகமா இருக்குறதும் கிராமப்புற சின்ன கவுண்டிகள். கம்மியான மேப்ப மட்டும் பாத்தவன் "கிராமத்து சுத்தமான காத்து"ம்பான், அதிகமான மேப்ப பாத்தவன் "அங்க ஆஸ்பத்திரி வசதி இல்ல"ம்பான், ரெண்டுமே கத, ஆயிரம் பேர் இருக்குற இடத்துல ஒருத்தருக்கு வந்தாலே விகிதம் எகிறிடும், யாருக்கும் வரலன்னா பூஜ்யம், அவ்வளவு தான். அதுக்கு எம்பிரிக்கல் பேய்ஸ் மாதிரி ஸ்மூத்திங் பண்ணி, சின்ன இடத்தோட எண்ண மொத்த சராசரி பக்கம் கொஞ்சம் இழுத்து வெச்சு தான் மேப் போடணும்.

ஹாட்ஸ்பாட் அனாலிசிஸும் ஹீட்மேப்பும் ஒண்ணு தானே?

இல்லங்க. ஹீட்மேப் அடர்த்திய வரையுது, எவ்வளவு தூரம் வரைக்கும் பரப்பணும்ங்கிற பேண்ட்விட்த நீங்க மாத்துனா படமே மாறிடும். ஹாட்ஸ்பாட் அனாலிசிஸ் ஒரு புள்ளியியல் சோதனை: இந்த குவியல் தற்செயலா வந்திருக்குமா இல்லையா? மொத்த பகுதிக்கும் ஒரே எண்ணா சொல்றது மோரான்ஸ் ஐ, 1950ல வந்தது. எந்த இடத்துலன்னு சொல்றது கெட்டிஸ்-ஆர்ட், 1992, அப்புறம் லூக் ஆன்செலினோட லோக்கல் மோரான், 1995. இதுக்கெல்லாம் அடிப்படை 1970ல வால்டோ டோப்ளர் சொன்னது, எல்லாமே எல்லாத்தோடவும் தொடர்புள்ளது தான், ஆனா பக்கத்துல இருக்குறது தூரத்துல இருக்குறத விட அதிகமா தொடர்புள்ளது.

ஒரு எச்சரிக்கை மட்டும். 5000 கட்டத்துக்கு 5% லெவல்ல சோதனை பண்ணா ஒண்ணுமே இல்லாத டேட்டாவுலயும் சுமார் 250 கட்டம் 'ஹாட்' ஆகும். இப்படி தற்செயலா 'ஹாட்' ஆகுறத குறைக்க எஃப்டிஆர் திருத்தம்னு ஒரு பட்டன் பெரும்பாலான டூல்ல இருக்கு, அத அமுக்குங்க.

வார்டு வாரியா ஒரு ரிசல்ட், கட்டம் போட்டா வேற ரிசல்ட். எது சரி?

ரெண்டும் 'சரி' தான், வயித்தெரிச்சலே அது தான். இதுக்கு மாப்-னு (MAUP, மேப் இல்ல) ஒரு பேரு இருக்கு, எல்லைய எங்க வெட்டுறோம்ங்கிறத பொறுத்து விடை மாறுற பிரச்சனை. ஒரு தெருவுல வரிசையா நாலு பிளாக், கேஸ் எண்ணிக்கை 10, 0, 0, 10ன்னு வைங்க. ரெண்டு ரெண்டா சேத்தா 10, 10, எல்லா இடமும் சமம், பிரச்சனை எங்கயும் குவியல. நடுவுல இருக்குற ரெண்ட மட்டும் சேத்தா 10, 0, 10, இப்ப நடுவுல ஒரு சுத்தமான பகுதி முளைச்சிடுச்சு. டேட்டா ஒண்ணு தான். அரசியல்வாதிங்க இத நமக்கு முன்னாடியே கண்டுபிடிச்சிட்டாங்க, தொகுதி எல்லைய வளைச்சு நெளிச்சு வெட்டுற ஜெரிமாண்டரிங்குக்கு அந்த பேரு வந்தது 1812ல.

அதனால அனாலிசிஸ ரெண்டு மூணு விதமா வெட்டி ஓட்டி பாருங்க, எல்லாத்துலயும் நிக்கிற முடிவ மட்டும் தைரியமா சொல்லுங்க. இப்ப நிறைய பேர் ஊபர் 2018ல ஓப்பன் சோர்ஸ் பண்ண எச்3 அறுகோணத்துக்கு போறாங்க, காரணம் அறுகோணத்துல பக்கத்து ஆறு கட்டத்தோட மையமும் கிட்டத்தட்ட ஒரே தூரத்துல இருக்கும், சதுரத்துல மூலைவிட்ட பக்கத்து கட்டம் தள்ளி போயிடும். ஆனா அறுகோணமும் மாப்-ல இருந்து தப்பிக்க வைக்காது, சும்மா எல்லாருக்கும் ஒரே எல்லைய குடுக்குது. (வெறும் அறுகோணத்த வெச்சு ஒரு உருண்டைய மூட முடியாது, அதனால எச்3ல ஒவ்வொரு லெவல்லயும் 12 ஐங்கோணம் இருக்கு, அத எல்லாத்தையும் தண்ணி மேல விழற மாதிரி பாத்து வெச்சிருக்காங்க.)

புது கடை எங்க திறக்கலாம்னு இதுல சொல்ல முடியுமா?

எங்க திறக்க வேண்டாம்னு நல்லாவே சொல்லலாம். எல்லாரும் முதல்ல கடைய சுத்தி 2 கிமீ வட்டம் போடுவாங்க, நடுவுல பாலம் இல்லாத ஆறு ஒண்ணு ஓடும், வட்டத்துல பாதி ஜனம் இந்தப் பக்கம் வரவே மாட்டாங்க. வட்டத்துக்கு பதிலா ஐசோக்ரோன் போடுங்க, அதாவது ரோடு வழியா 10 நிமிஷத்துல வந்து சேரக்கூடிய பகுதி, அது ஒழுங்கில்லாம கை கால் நீட்டுன மாதிரி இருக்கும், நிஜம் அப்படித்தான்.

அடுத்து போட்டி கடை. இதுக்கு 1960கள்ல டேவிட் ஹஃப் குடுத்த மாடல் இன்னும் ஓடுது: கடையோட சைஸ தூரத்தோட அடுக்கால வகுத்து, எல்லா கடைக்கும் கூட்டி, பங்கு பாக்குறது. உங்க கடை 1000 சதுர மீட்டர், கஸ்டமர் வீட்டுல இருந்து 2 கிமீ. போட்டி கடை 3000 சதுர மீட்டர், 4 கிமீ. தூரத்துக்கு அடுக்கு 2ன்னு எடுத்தா உங்களுக்கு 1000/4 = 250, அவங்களுக்கு 3000/16 = 187.5, ஆக உங்க கடைக்கு வர வாய்ப்பு 57%. அதே கணக்க அடுக்கு 1ன்னு போட்டு பாருங்க, 500க்கு 750, உங்களுக்கு 40% தான். ஒரே ஒரு எண்ண மாத்துனதும் ஜெயிச்சவன் தோத்துட்டான் பாருங்க. அந்த எண் எங்க இருந்து வரணும்னா ஏற்கெனவே இருக்குற கடைகளோட விற்பனை டேட்டாவுல இருந்து, பால் பாக்கெட் வாங்கப் போறவருக்கு தூரம் பெரிய விஷயம், சோஃபா வாங்கப் போறவருக்கு இல்ல. கன்சல்டன்ட் ரிப்போர்ட்ல அந்த எண்ணுக்கு காரணம் எழுதலன்னா மத்த 80 பக்கத்தையும் படிக்க வேண்டாம்.

மேகமா இருந்தா சேட்டிலைட் படம் வீண் தானே, வெள்ளத்த எப்படி பாக்குறாங்க?

ரேடார். சென்டினல்-1 (2014ல இருந்து) மாதிரி சேட்டிலைட் தானே மைக்ரோவேவ் அனுப்பி திரும்பி வர்றத பதிவு பண்ணும், மேகம் ராத்திரி எதுவும் தடை இல்ல. அசையாத தண்ணி வழவழப்பா இருக்குறதால அலைய வேற பக்கம் தள்ளி விட்டுடும், படத்துல கருப்பா தெரியும், வெள்ளத்துக்கு முன்னாடி படத்தையும் பின்னாடி படத்தையும் கழிச்சா எங்க தண்ணி ஏறுச்சுன்னு வந்துடும். வயல்வெளியில இது அருமையா வேலை செய்யும். ஊருக்குள்ள சொதப்பும், ஏன்னா தண்ணியில பட்ட அலை சுவத்துல பட்டு திரும்பி சேட்டிலைட்டுக்கே வந்துடும், வெள்ளம் புகுந்த தெரு கருப்பாகாம இன்னும் பளிச்சுன்னு ஆகும். பலத்த காத்து அடிச்சு தண்ணி அலையடிச்சாலும் கருப்பா தெரியாது. அதனால "ரேடார் மேப்ல இந்த தெரு காஞ்சு இருக்கு"ன்னு யாராவது சொன்னா அங்க இருக்குறவங்கள ஒரு தடவை கேட்டுக்குறது நல்லது.

மெஷின் லேர்னிங் போட்டேன், 95% அக்யூரசி வருது. பேப்பர் எழுதலாமா?

டெஸ்ட் டேட்டாவ எப்படி பிரிச்சீங்க? ரேண்டமா பிரிச்சிருந்தா எழுதாதீங்க. டோப்ளர் சொன்னத மறுபடி நினைச்சு பாருங்க, பக்கத்து புள்ளிங்க ஒண்ணு மாதிரியே இருக்கும். ரேண்டமா பிரிச்சா டெஸ்ட்ல இருக்குற ஒவ்வொரு புள்ளிக்கும் 50 மீட்டர் தள்ளி ஒரு டிரெய்னிங் புள்ளி உக்காந்திருக்கும், மாடல் எதையும் கத்துக்காம பக்கத்து வீட்டு விடைய பாத்து எழுதிட்டு போயிடும். இடத்த பெரிய பிளாக்கா பிரிச்சு, ஒரு முழு பிளாக்க ஒளிச்சு வெச்சு டெஸ்ட் பண்ணுங்க, ஸ்பேஷியல் கிராஸ் வேலிடேஷன்னு சொல்வாங்க. அந்த 95 பெரும்பாலும் இறங்கும், சில நேரம் மனசு உடையுற அளவுக்கு இறங்கும், ஆனா புது இடத்துல உங்க மாடல் எப்படி ஓடும்ங்கிறதுக்கு அது தான் நேர்மையான எண்.

இப்ப இந்த பக்கம் வேகமா ஓடுறது ஃபவுண்டேஷன் மாடல்கள், அதாவது ஏகப்பட்ட டேட்டாவுல முன்கூட்டியே பயிற்சி குடுத்து பல வேலைக்கும் பயன்படுத்துற பெரிய மாடல்கள். 2023ல நாசாவும் ஐபிஎம்மும் சேந்து பிரித்வின்னு ஒண்ண திறந்து விட்டாங்க, 2025ல கூகுள் டீப்மைண்டோட ஆல்ஃபாஎர்த் 10 மீட்டர் கட்டத்துக்கு 64 எண்ணா பூமிய சுருக்கி குடுக்குது. கொஞ்சமே லேபிள் (விடை தெரிஞ்ச உதாரணம்) இருக்குறவங்களுக்கு இது நிஜமாவே பெரிய உதவி. ஆனா அந்த 64 எண்ல ஒவ்வொண்ணும் என்னத்த குறிக்குதுன்னு கேட்டா பதில் இல்ல, அதனால வரைபடம் யாரோட நிலத்த பத்தியோ முடிவெடுக்கப் போகுதுன்னா நேர்ல போய் சரிபாக்குற வேலை அப்படியே தான் இருக்கு.

பேரு, போன் நம்பர் எல்லாம் நீக்கிட்டேன். லொகேஷன் டேட்டாவ வெளியிடலாமா?

கூடாது. 2013ல வந்த ஒரு ஆராய்ச்சி: 15 லட்சம் பேரோட 15 மாச மொபைல் டேட்டா, பேரு கிடையாது, நேரம் மணிக்கணக்குல, இடம் டவர் அளவுக்கு தான். அதுலயே வெறும் 4 இடம்-நேர புள்ளி தெரிஞ்சா 95% பேர தனியா பிரிச்சு எடுத்துடலாம்னு காட்டினாங்க. யோசிச்சு பாத்தா அதிசயம் இல்ல, ராத்திரி எங்க இருக்கான், பகல்ல எங்க இருக்கான், இந்த ரெண்டும் சேந்த ஆள் பெரும்பாலும் உலகத்துல ஒருத்தர் தான். ராத்திரி புள்ளி வீடு, பகல் புள்ளி ஆபீஸ், வாரம் ஒரு தடவை போற புள்ளி ஆஸ்பத்திரியாவோ கோர்ட்டாவோ இருக்கலாம்.

கூட்டி சேத்தா பாதுகாப்புன்னு நினைக்கிறதும் முழுசா சரியில்ல. ஓட்டம், சைக்கிள் பயணத்த பதிவு பண்ற ஸ்ட்ராவா ஆப் கம்பெனி 2017 நவம்பர்ல எல்லாரோட ஓட்டத்தையும் சேத்து ஒரு உலக ஹீட்மேப் விட்டாங்க, தனி ஆள் யாரும் அதுல தெரியாது. 2018 ஜனவரியில ஒரு மாணவர் கவனிச்சாரு, பாலைவனத்து நடுவுல இருட்டுல சின்ன சின்ன வெளிச்ச வளையம், ராணுவ முகாம்ல வீரர்கள் ஓடுற பாதை. சுத்தி யாருமே இல்லாத இடத்துல பத்து பேரே அடையாளம் தான்.

என்ன பண்ணலாம்னா: தேவைக்கு மேல நுணுக்கமா சேகரிக்கவே சேகரிக்காதீங்க, பாதையோட ஆரம்பமும் முடிவும் வீடாத்தான் இருக்கும் அத வெட்டுங்க, குறைஞ்சபட்ச ஆள் எண்ணிக்கை இல்லாத கட்டத்த வெளியிடாதீங்க, முடிஞ்சா டிஃபரன்ஷியல் பிரைவசி, அதாவது தனி ஆள் தெரியாத மாதிரி எண்ணிக்கையில கணக்கு பாத்து கொஞ்சம் பிழைய கலக்குறது (அமெரிக்கா 2020 சென்சஸ்ல இத பயன்படுத்துனாங்க, அதுக்கே சண்டை நடந்துச்சு). சட்டப்படியும் இது லேசுப்பட்டது இல்ல, ஐரோப்பாவோட டேட்டா பாதுகாப்பு சட்டமான ஜிடிபிஆர் லொகேஷன் டேட்டாவ பேரு சொல்லியே அடையாள தகவல்ல சேத்திருக்கு, அமெரிக்க சுப்ரீம் கோர்ட் 2018 கார்ப்பென்டர் வழக்குல, ஒருத்தரோட பழைய டவர் பதிவுகள எடுக்க போலீஸுக்கு பொதுவா வாரண்ட் வேணும்னு சொல்லிடுச்சு.

எந்த டூல்ல ஆரம்பிக்கலாம்? காசு கட்டணுமா?

கட்ட வேண்டாம். கண்ணால பாக்க கியூஜிஐஎஸ், டேட்டா பெருசானா போஸ்ட்ஜிஐஎஸ், கோட் எழுத பைதான்ல ஜியோபாண்டாஸ் இல்லன்னா ஆர்ல எஸ்எஃப், சேட்டிலைட் படம்னா கூகுள் எர்த் எஞ்சின் (வணிகம் இல்லாத வேலைக்கு மட்டும் இலவசம்). "என் ஜாயின் நாலு மணி நேரமா ஓடுது"ன்னு வர்றவங்க பெரும்பாலும் ஸ்பேஷியல் இன்டெக்ஸ் (எது எங்க இருக்குன்னு சீக்கிரம் தேட உதவுற அட்டவணை) போட மறந்தவங்க, ஒரு வரி கமாண்ட்.

ஷேப்ஃபைல்ங்கிற பழைய ஃபைல் ஃபார்மேட்ட விட்டு வெளிய வாங்க. 2 ஜிபி தாண்டாது, டேபிள் காலத்தோட (column) பேரு 10 எழுத்துக்கு மேல போகாது, ஒரு ஃபைல்னு அனுப்பறதுக்கு நாலஞ்சு ஃபைல் கூடவே ஓடும் அதுல ஒண்ண யாராவது விட்டுடுவாங்க. ஜியோபேக்கேஜ் எடுங்க, பெரிய டேட்டான்னா ஜியோபார்க்கே.

ரோடு, கட்டடம் டேட்டாவுக்கு 2004ல தொடங்குன ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். 2010 ஹைத்தி நிலநடுக்கம் வந்தப்ப உலகம் பூரா இருந்து தன்னார்வலர்கள் சேட்டிலைட் படத்த பாத்து சில நாள்ல போர்ட்-ஓ-பிரின்ஸ் தெருக்கள வரைஞ்சு குடுத்தாங்க, மீட்பு ஆளுங்க அத வெச்சு தான் சுத்தினாங்க. ஆனா எல்லா ஊரும் ஒரே அளவுக்கு நிரம்பியிருக்காது. அதுல கிளினிக் இல்லன்னா ஊர்ல கிளினிக் இல்லன்னு அர்த்தம் இல்ல, யாரும் வரையலன்னும் இருக்கலாம். லைசென்ஸையும் படிச்சுக்கோங்க, பேர் குறிப்பிடணும், அந்த டேட்டாபேஸ மாத்தி பொதுவுல வெளியிட்டா அதையும் அதே லைசென்ஸ்ல விடணும்.

ஆராய்ச்சி பண்ண இன்னும் என்ன மிச்சம் இருக்கு?

நிறைய. எனக்கு முக்கியமா படறது, மொபைல் டேட்டா யார பிரதிநிதித்துவப்படுத்துதுங்கிற கேள்வி: போன் இல்லாத பெரியவங்க, குழந்தைங்க, லொகேஷன ஆஃப் பண்ணி வெச்சிருக்குறவங்க, இவங்கள எல்லாம் விட்டுட்டு "நகரம் இப்படி நகருது"ன்னு பேப்பர் வருது, அத வெச்சு பஸ் ரூட் முடிவும் எடுக்குறாங்க. இன்னொண்ணு காரணம்-விளைவு: இங்க மெட்ரோ வந்ததால வாடகை ஏறுச்சா இல்ல ஏறப்போற இடமா பாத்து மெட்ரோ போட்டாங்களா, பக்கத்து பகுதிய ஒப்பிடலாம்னா அதுக்கும் விளைவு பரவியிருக்கும், சுத்தமான ஒப்பீட்டு குழுவே கிடைக்காது. மூணாவது, பிழைய மேப்லயே எப்படி காட்டுறது, படிக்கிறவருக்கு குழப்பமும் வரக்கூடாது. இதுக்கு இன்னும் யாரும் எல்லாரும் ஒத்துக்குற பதில் குடுக்கல.

ஒருத்தர் ஃபைல் அனுப்பினாரு, அதுல கோஆர்டினேட் சிஸ்டம் எதுன்னே இல்ல. நானே ஒண்ண போட்டுக்கலாமா?

முதல்ல அனுப்புனவர கேளுங்க. பதில் வரலன்னா எண்ண பாருங்க: -180க்கும் 180க்கும் நடுவுல இருந்தா டிகிரி, பெரும்பாலும் இபிஎஸ்ஜி 4326. ஆறு ஏழு இலக்கமா இருந்தா மீட்டர், யூடிஎம்மோ உள்ளூர் கிரிட்டோ வெப் மெர்கேட்டரோ. ஒண்ணொண்ணா வெச்சு பின்னணியில சேட்டிலைட் படத்த போட்டு, ரோடு சந்திப்பு பொருந்துதான்னு பாருங்க. கிட்டத்தட்ட பொருந்தி ஆனா எல்லாமே ஒரே திசையில நூறு இருநூறு மீட்டர் தள்ளி நின்னா டேட்டம் (பூமியோட வடிவத்துக்கு எடுத்துக்கிட்ட அடிப்படை அளவு) வேற, பழைய சர்வே மேப்ல இது அடிக்கடி வரும், கையால இழுத்து பொருத்தாதீங்க, சரியான டேட்டத்த தேடி மாத்துங்க. இன்னொண்ணு, கியூஜிஐஎஸ்ல 'அசைன் புரொஜெக்ஷன்' வேற 'ரீபுரொஜெக்ட்' வேற, முதலாவது லேபிள ஒட்டுது, ரெண்டாவது எண்ணயே மாத்துது. சிஸ்டம் இல்லாத ஃபைலுக்கு முதல்ல அசைன், அப்புறம் தான் ரீபுரொஜெக்ட். எத வெச்சு என்ன முடிவு பண்ணீங்கன்னு ஃபைல் கூட ஒரு டெக்ஸ்ட்ல எழுதி வெச்சிடுங்க, அடுத்து அத திறக்குறவரும் இதே கேள்வியோட தான் வருவாரு.